மதப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு: மனித உரிமைக் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதத்தின் பெயராலோ வேறு அடையாளத்தின் பெயராலோ வேலையிடத்திலும் படிக்கும் இடத்திலும் ஒதுக்கப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள் கேட்பவையும் இருக்கின்றன. இரு தரப்பினரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றுதான் அவற்றைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். சட்ட விவரம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் தனிப்பட்ட சிக்கலுக்கு உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம்தான் இருக்கிறதே, அப்புறம் நிறுவனத்துக்குத் தனியாக மனித உரிமைக் கொள்கை எதற்கு?

சட்டம் நீதிமன்றத்துக்கு வழிகாட்டுகிறது. காலையில் வேலைக்கு வந்தவுடன் மேலாளர் தன் மதத்தைப் பற்றி இழிவாகப் பேசியதைக் கேட்ட ஒருவருக்கு, அன்று மதியம் யாரிடம் போய்ச் சொல்வது என்பதைச் சட்டம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கொள்கை. யார் புகார் கொடுக்கலாம், யார் வாங்குவார், எத்தனை நாளில் பதில் வரும், அதுவரை புகார் கொடுத்தவரின் வேலைக்கு என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாமல் 'நாங்கள் அனைவரையும் சமமாக மதிக்கிறோம்' என்ற ஒரு பத்தி மட்டும் இருந்தால் அதை வாழ்த்துச் செய்தி என்றுதான் சொல்ல முடியும்.

வேர் எங்கே என்று கேட்டால், 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம். 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன, ஒரு நாடுகூட எதிர்க்கவில்லை. அதன் 2ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது, 18ஆம் பிரிவு சிந்தனை, மனச்சான்று, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. பிரகடனமாக இருந்ததை, சேர்ந்த நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக மாற்றியது 1966ல் ஏற்கப்பட்டு 1976ல் நடைமுறைக்கு வந்த குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை (கீழே வெறுமனே 'உடன்படிக்கை' என்றால் இதுதான்). தனியார் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதை 2011ல் மனித உரிமைப் பேரவை ஏற்ற வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டு நெறிகள் தெளிவாக்கின. நிறுவனம் தன் கடமையை எழுத்தில் வெளியிட வேண்டும் என்பதும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வழி வேண்டும் என்பதும் அவற்றில் இருக்கின்றன.

மதம் மட்டும்தானா? வேறு எந்த அடிப்படையிலெல்லாம் பாகுபாடு கூடாது?

1948 பட்டியலில் இனம், நிறம், பால், மொழி, மதம், அரசியல் கருத்து அல்லது பிற கருத்து, தேசிய அல்லது சமூகத் தோற்றம், சொத்து, பிறப்பு ஆகியவை இருக்கின்றன. கடைசியில் 'பிற நிலை' என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு வழியாகப் பிறகு பலர் உள்ளே வந்தார்கள். உடன்படிக்கையில் உள்ள 'பால்' என்பதில் பாலியல் நாட்டமும் அடங்கும் என்று அதை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 1994ல், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு முறையீட்டில் சொன்னது. வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002ல் தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் எழுதியது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2006ல் தனி உடன்படிக்கையே வந்தது.

ஆகவே கொள்கை எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் பட்டியலையும் மூடிவிடாதீர்கள். இன்னொன்று, அடிப்படைகள் தனித்தனியாக வருவதில்லை. தலைமுக்காடு அணிந்த பெண்ணுக்கு வேலை மறுக்கப்படும்போது மதமும் பாலினமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புகார்ப் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும் என்றால் படிவம்தான் தவறு.

மதம் என்றால் எதெல்லாம் சேரும்? கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்குப் பாதுகாப்பு உண்டா?

உண்டு, சந்தேகமே வேண்டாம். கடவுளை ஏற்கும் நம்பிக்கை, கடவுள் இல்லாத நம்பிக்கை, நாத்திகம், எந்த மதத்தையும் பின்பற்றாமல் இருப்பது என எல்லாமே பாதுகாக்கப்படுகின்றன என்று மனித உரிமைக் குழு 1993ல், உடன்படிக்கைக்கு விளக்கம் தரும் தன் 22ஆம் பொதுக் கருத்துரையில் சொல்லிவிட்டது. புதிதாகத் தோன்றிய மதத்துக்கும் மிகச் சிறிய பிரிவுக்கும் இது பொருந்தும். மதம் மாறுவதும் விட்டு விலகுவதும் இதில் அடங்கும்.

சில நாடுகள் இன்னும் விரிவாகப் பார்க்கின்றன. பிரிட்டனில் 2009ல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பருவநிலை மாற்றம் பற்றி ஒருவர் ஆழமாகக் கொண்டிருக்கும் நம்பிக்கையும் பாதுகாப்புக்கு உரியதாக இருக்கலாம் என்றது. நம்பிக்கை உண்மையானதாக இருக்க வேண்டும், வாழ்க்கையின் கனமான ஒரு விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், பிறருடைய அடிப்படை உரிமைகளோடு முரண்படக் கூடாது என்று அளவுகோல்களும் வைத்தது. வெறும் அபிப்பிராயம் போதாது.

"அந்த மதத்தில் எல்லோரும் அப்படிச் செய்வதில்லையே, இவர் மட்டும் ஏன் கேட்கிறார்?"

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அதே மதத்தைச் சேர்ந்த இன்னொரு ஊழியரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இது கட்டாயமா?" என்று விசாரிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கனடா உச்ச நீதிமன்றம் 2004ல் ஒரு வழக்கைப் பார்த்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள், சுக்கோத் பண்டிகையின் ஒன்பது நாட்களுக்குத் தங்கள் பால்கனியில் தற்காலிகக் குடில் கட்ட விரும்பினார்கள். குடியிருப்பு விதி தடுத்தது. எல்லோருக்குமாகத் தோட்டத்தில் ஒரு பொதுக் குடில் கட்டிக்கொள்ளலாம் என்றது நிர்வாகம். தனிக் குடில் மதப்படி கட்டாயமா என்று மத அறிஞர்கள் இரண்டு பக்கமும் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றமோ, ஒருவர் மனப்பூர்வமாக நம்புகிறாரா என்பதுதான் முக்கியம், மத நூல் அதைக் கட்டாயமாக்குகிறதா என்று தீர்ப்பது நீதிபதியின் வேலை இல்லை என்றது. அது நீதிபதியின் வேலையே இல்லையென்றால் மேலாளரின் வேலையாக இருக்கவே முடியாது.

எல்லோருக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறோம். அது எப்படிப் பாகுபாடாகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஏனென்றால் இன்று நடக்கும் தீங்கில் பெரும்பகுதி வெளிப்படையான வெறுப்பால் வருவதில்லை, யாரையும் மனதில் வைக்காமல் எழுதப்பட்ட விதிகளால் வருகிறது.

'இந்த மதத்தவர் விண்ணப்பிக்க வேண்டாம்' என்பது நேரடிப் பாகுபாடு. அதைக் கண்டுபிடிக்க யாருடைய உதவியும் வேண்டாம். 'எல்லா ஊழியரும் சனிக்கிழமை வர வேண்டும்' என்பது பார்க்கச் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கடைப்பிடிப்பவருக்கு அந்த விதி, வேலையா நம்பிக்கையா என்ற கேள்வியாக மாறுகிறது. மற்றவர் யாருக்கும் அந்தக் கேள்வி வருவதில்லை. இதுதான் மறைமுகப் பாகுபாடு.

கனடாவின் ஓ'மேலி வழக்கு சரியாக இதுதான். ஒன்டாரியோவில் ஒரு பெரிய அங்காடியில் விற்பனையாளராக இருந்த பெண், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை வேலை செய்யக் கூடாது என்று சொல்லும் திருச்சபையில் சேர்ந்தார். முழுநேர ஊழியர்கள் சனிக்கிழமைகளில் வேலை செய்தாக வேண்டும் என்பது விதி. அவரைப் பகுதிநேர ஊழியராக்கினார்கள், சம்பளம் குறைந்தது. அவரை நோகடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, நிர்வாகம் அப்படித்தான் வாதாடியது. 1985ல் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நோக்கம் தேவையில்லை, விளைவுதான் கணக்கு என்றது.

அமெரிக்காவில் இதே சிந்தனை 1971லேயே வந்துவிட்டது. ஒரு மின் நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர்களைச் சம்பளம் மிகக் குறைந்த பிரிவில் மட்டும் வைத்திருந்தது. 1965ல் குடிமை உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி நடைமுறைக்கு வந்ததும் அந்தத் தடையை எடுத்துவிட்டு, மேல் பிரிவுகளுக்குப் பள்ளிச் சான்றிதழும் பொதுத் திறன் தேர்வும் வேண்டும் என்றது. அந்தச் சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் அதே பிரிவுகளில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதாவது தேர்வுக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லை. வேலைக்குத் தேவை என்று காட்ட முடியாத தகுதி, ஒரு பிரிவினரை அதிகமாக வெளியே தள்ளினால் அது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஒரே மாதிரி இல்லாதவர்களை ஒரே மாதிரி நடத்துவதும் பாகுபாடுதான். கிரீஸில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் ராணுவச் சீருடை அணிய மறுத்ததற்காகத் தண்டனை பெற்றார். பிறகு பட்டயக் கணக்காளர் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தார். குற்றத் தண்டனை பெற்றவருக்கு நியமனம் இல்லை என்று விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்த விதி எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் மோசடி செய்தவரையும் மனச்சான்றின்படி நடந்தவரையும் அது ஒரே தட்டில் வைத்தது. கணக்கு எழுதும் வேலைக்கும் அந்தத் தண்டனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2000ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆகவே உங்கள் விதி ஒவ்வொன்றையும் எடுத்து மூன்று விஷயம் கேளுங்கள். இது யாரை அதிகமாக வெளியே தள்ளுகிறது? வேலைக்கு இது உண்மையில் தேவையா? குறைந்த பாதிப்போடு அதே பலனை வேறு வழியில் பெற முடியாதா? மூன்றாவது கேள்விக்கு 'யோசித்துப் பார்க்கவில்லை' என்பது பதிலாக வந்தால், வழக்கு வந்தால் தோற்பீர்கள். அதைவிட முக்கியம், ஒரு நல்ல ஊழியரை ஏற்கெனவே இழந்திருப்பீர்கள்.

'நியாயமான ஏற்பாடு' என்கிறார்களே, நிறுவனம் எவ்வளவு தூரம் போக வேண்டும்?

தொழுகைக்குப் பத்து நிமிட இடைவேளை, ஷிப்ட் மாற்றிக்கொள்ளுதல், தலைப்பாகைக்குப் பொருந்தும் சீருடை, புனித நாளில் விழும் தேர்வை வேறு நாளில் எழுத வாய்ப்பு, விருந்தில் சாப்பிடக்கூடிய உணவு, துக்கச் சடங்குக்கு வழக்கமான விடுப்பை விட இரண்டு நாள் கூடுதல் போன்றவையே பெரும்பாலான கோரிக்கைகள். இவற்றுக்கு ஆகும் செலவு சிறியது. பேசுவதற்கு எடுக்கும் நேரம்தான் பெரிய செலவு, அதைத்தான் பலர் தர மறுக்கிறார்கள்.

எல்லையும் உண்டு. நிறுவனத்துக்கு மிகையான சுமை ஏற்பட்டால் மறுக்கலாம். எது மிகை என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. கனடாவில் அளவுகோல் உயரமானது. அமெரிக்காவில் 1977 தீர்ப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அற்பச் செலவைத் தாண்டினாலே மறுக்கலாம் என்று பல ஆண்டுகள் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கில், 2023ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. தொழிலின் அளவோடு ஒப்பிட்டால் கணிசமான கூடுதல் செலவு என்று முதலாளி காட்ட வேண்டும் என்றது. சக ஊழியர்களுக்கு அந்த மதத்தின் மேல் உள்ள வெறுப்பைச் 'சுமை' என்று கணக்கில் எழுத முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தக் கடைசி விஷயத்தை ஒவ்வொரு மேலாளரும் மனதில் வைக்க வேண்டும்.

கேட்பவர் தரப்புக்கும் கடமை உண்டு. முடிந்தவரை முன்கூட்டியே சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள், மாற்று யோசனை வந்தால் பரிசீலியுங்கள். முழுத் திருப்தி தரும் ஏற்பாடுதான் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

விண்ணப்பதாரர் வாய் திறந்து கேட்கவில்லை என்பதும் எப்போதும் தப்பிக்கும் வழியாகாது. அமெரிக்காவில் ஒரு துணிக்கடை, தலைமுக்காடு அணிந்து நேர்காணலுக்கு வந்த இளம்பெண்ணை, தொப்பிக்குத் தடை போடும் தோற்ற விதியைக் காட்டி நிராகரித்தது. அவர் விதிவிலக்கு கேட்கவே இல்லை என்பது கடையின் வாதம். ஏற்பாடு செய்து தருவதைத் தவிர்க்கும் நோக்கத்தில் நிராகரித்தாலே போதும், உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று 2015ல் தீர்ப்பு வந்தது.

பாதுகாப்புக் காரணம் சொன்னால் மதக் கோரிக்கை அடிபட்டுவிடுமா?

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். 2001ல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு சீக்கிய மாணவன் மதக் கடமையாக அணிந்திருந்த கிர்பான் என்ற சிறு கத்தி பள்ளி வளாகத்தில் கீழே விழுந்தது. மர உறையில் வைத்து, துணியில் சுற்றித் தைத்து, சட்டைக்கு உள்ளே அணிந்து வரலாம் என்ற ஏற்பாட்டுக்குக் குடும்பம் சம்மதித்தது. பள்ளி நிர்வாகம் பிறகு முழுத் தடை போட்டது. 2006ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. கத்தரிக்கோலும் பேஸ்பால் மட்டையும் பள்ளியில் தாராளமாகக் கிடைக்கின்றன, சீக்கியர்கள் அந்த நாட்டுப் பள்ளிகளில் படித்துவந்த நூறு ஆண்டுகளில் கிர்பானால் ஒரு வன்முறைகூடப் பதிவாகவில்லை என்று பார்த்தது. அதே நேரம் விமானத்திலும் நீதிமன்றத்திலும் நிலைமை வேறாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆபத்து உண்மையானதா, குறைக்க முடியுமா என்று இடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படியானால் மத உரிமைக்கு வரம்பே இல்லையா?

மனதுக்குள் நம்புவதற்கு வரம்பு இல்லை. போர்க்காலத்திலும் அதை இடைநிறுத்த முடியாது. வெளியே கடைப்பிடிப்பதற்கு உண்டு. பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறருடைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றைக் காக்க, சட்டப்படி, தேவையான அளவுக்கு மட்டும் என்று உடன்படிக்கையின் 18(3) சொல்கிறது.

2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனைச் சேர்ந்த நான்கு கிறிஸ்தவர்களின் வழக்குகளை ஒரே தீர்ப்பில் தீர்த்தது. விமான நிறுவன ஊழியர் ஒருவர் சிறிய சிலுவைச் சங்கிலியை வெளியே தெரிய அணிய விரும்பினார். நிறுவனத்தின் தோற்றக் கவலையை விட அவருடைய உரிமை பெரியது என்று அவர் வென்றார். மருத்துவமனைச் செவிலியர் ஒருவரும் சிலுவைச் சங்கிலிக்காகவே வந்தார். நோயாளி பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்ற காரணம் இருந்ததால் அவர் தோற்றார். ஒரே சின்னம்தான், இடம்தான் வேறு. மற்ற இருவரில் ஒருவர் ஒருபாலினத் துணைகளின் பதிவை நடத்த மறுத்த அரசுப் பதிவாளர், இன்னொருவர் அத்தகைய துணைகளுக்கு ஆலோசனை தருவதில் உடன்படாத ஆலோசகர். இருவரும் தோற்றார்கள். என் நம்பிக்கை என் வாழ்க்கையை வழிநடத்தலாம். நான் பொதுச் சேவை தரும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எதிரில் நிற்பவருக்கு உரியதை மறுக்க அதைப் பயன்படுத்த முடியாது.

நிறுவன விழாவில் பிரார்த்தனை, பள்ளியில் பாடல் என்று எல்லோரும் சேர்ந்து செய்வதில் கலந்துகொள்ள மறுக்கலாமா?

மரியாதையாக விலகி நிற்கும் உரிமை உண்டு. இந்தியாவில் 1985ல், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவுக் குழந்தைகள் மூவர் கேரளப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1986ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதை, பாட வைக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றது. வேலையிடத்தில் பூஜையோ பிரார்த்தனையோ நடந்தால், வராதவர் பெயரை யாரும் குறித்து வைக்காமல் இருப்பதே போதுமான ஏற்பாடு.

கேலி, கிண்டல் எல்லாம் பாகுபாட்டில் சேருமா?

சேரும். ஒருவரின் கண்ணியத்தைக் குலைத்து, அந்த இடத்தையே அவருக்குப் பகையான இடமாக மாற்றும் பேச்சும் நடத்தையும் துன்புறுத்தல் எனப்படும். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு மதத்தவரைப் பயங்கரவாதியாகக் காட்டும் மீம் வருகிறது, பத்துப் பேர் சிரிப்பு முகம் போடுகிறார்கள், அந்த மதத்தைச் சேர்ந்த ஒரே ஊழியர் அமைதியாக இருக்கிறார். அவருடைய அமைதியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழுவில் மேலாளரும் இருந்து ஒன்றும் சொல்லாவிட்டால், நிறுவனம் அறிந்தே விட்டுவிட்டது என்றாகிவிடும். 'சும்மா விளையாட்டுக்குத்தான்' என்ற பதில் நோக்கத்தைப் பற்றியது. விசாரிப்பவர் பார்க்க வேண்டியது விளைவை.

மதத்தை விமர்சித்தால் அது பாகுபாடா?

இல்லை. பாதுகாக்கப்படுவது மனிதர்கள். கருத்துகளையும் நம்பிக்கைகளையும் விமர்சிக்கலாம், மத நிறுவனங்களைக் கேள்வி கேட்கலாம். தெய்வ நிந்தனைத் தடைகள் பொதுவாக உடன்படிக்கையோடு ஒத்துப்போகாது என்று மனித உரிமைக் குழு 2011ல் 34ஆம் பொதுக் கருத்துரையில் எழுதியது. தடுக்க வேண்டியது மதத்தவர் மீது பாகுபாடு, பகை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டும் வெறுப்புப் பிரசாரம், அது உடன்படிக்கையின் 20(2)ல் இருக்கிறது. எல்லைக் கோட்டை எங்கே போடுவது? ஐ.நா. ஏற்பாட்டில் 2012ல் உருவான ரபாத் செயல்திட்டம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், அது எவ்வளவு பேரைப் போய்ச் சேர்ந்தது, தீங்கு நடக்கும் வாய்ப்பு.

ஒரு வேலைக்கு ஒரு மதத்தவரை மட்டும் எடுப்பது எப்போதாவது சரியா?

குருவாக, இமாமாக, பாதிரியாராக இருப்பதற்கு அந்த மதத்தவர்தான் வேண்டும். வேலையின் இயல்பே கோரும் தகுதி பாகுபாடு ஆகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு 111ஆம் உடன்படிக்கை சொல்கிறது. அதே மத நிறுவனத்தில் கணக்கெழுதவும் வாகனம் ஓட்டவும் அந்தத் தகுதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

எனக்கு நடந்தது பாகுபாடுதான் என்று எப்படி நிரூபிப்பது?

'உன் மதத்துக்காகத்தான் எடுக்கவில்லை' என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதனால்தான் பல நாடுகளில் நிரூபிக்கும் பொறுப்பைப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு சமத்துவ ஆணைகளின்படி, பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நினைக்க வைக்கும் உண்மைகளை நீங்கள் காட்டினால் போதும், காரணம் வேறு என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது குறித்து வைப்பது. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, அருகில் இருந்தவர் யார். அன்றைக்கே எழுதுங்கள், ஒரு மாதம் கழித்து எழுதியதற்கு அந்த மதிப்பு வராது. மின்னஞ்சலையும் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அலுவலகக் கணினிக்கு வெளியே வையுங்கள். ஆனால் உங்களுக்குச் சம்பந்தமில்லாத ரகசியக் கோப்புகளை எடுக்காதீர்கள், பிறகு பேச்சு அதைப் பற்றியதாகிவிடும். உங்களைப் போன்ற நிலையில் இருந்த, வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். விடுப்பு அவருக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், வழக்கே அந்த ஒரு வரியில் நிற்கலாம்.

புகார் கொடுத்தால் என்னைப் பழிவாங்க மாட்டார்களா?

இந்தப் பயம் நியாயமானது. பெரும்பாலோர் வாய் மூடி இருப்பதற்கு இதுதான் காரணம். பழிவாங்கல் வேலைநீக்கமாக மட்டும் வராது. ஷிப்ட் மாறும், கூட்டத்துக்கு அழைப்பு நிற்கும், மதிப்பீட்டில் திடீரென்று 'குழுவோடு ஒத்துப்போவதில்லை' என்ற வரி வரும். நல்ல கொள்கை இவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கும். சாட்சி சொன்னவரையும் காக்கும். நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் விசாரணையில் நிரூபணமாகாமல் போனாலும் அந்தப் பாதுகாப்பு நீடிக்க வேண்டும். இல்லையென்றால் வெற்றி உறுதியான புகார் மட்டுமே வரும், அப்படி ஒரு புகார் கிடையாது.

விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவரை 'உங்கள் நன்மைக்காக' என்று வேறு பிரிவுக்கு மாற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். யாரையாவது நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் புகாருக்கு உள்ளானவரைத் தற்காலிகமாக, தண்டனையாக இல்லாமல் நகர்த்துங்கள். புகார் கொடுத்தவர் தானே கேட்டால் மட்டும் அவரை மாற்றுங்கள்.

ஒரு கொள்கையைப் படித்தவுடன் அது உருப்படியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்னுரையைத் தாண்டிப் போய்ப் புகார்ப் பகுதியைத் திறங்கள். புகாரை வாங்க ஒரே ஒருவர்தானா? அவர் மேல்தான் புகார் என்றால் எங்கே போவது? தலைமை நிர்வாகி மீதே புகார் வந்தால் விசாரிப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கும் ஆவணத்தை எழுதியவர்கள் உண்மையில் யோசித்திருக்கிறார்கள்.

அப்புறம் யாருக்குப் பொருந்தும் என்று பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சிக்கு வந்தவர், வேலைக்கு விண்ணப்பித்தவர், தன்னார்வலர், வாடிக்கையாளர் எல்லோரும் சேர வேண்டும். நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்றால் மிகவும் பலவீனமான இடத்தில் இருப்பவர்கள் வெளியே நிற்பார்கள். காலக்கெடு நாள் கணக்கில் இருக்க வேண்டும், 'விரைவில்' என்பது கெடு ஆகாது. முடிவை இரு தரப்புக்கும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல முழு வாய்ப்பு வேண்டும், அது இல்லாத விசாரணை யாருக்கும் நியாயம் தராது. ரகசியம் காக்கப்படும், ஆனால் முழு ரகசியத்துக்கு உறுதி தர முடியாது என்று நேர்மையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பரிகாரம் என்ற தலைப்பு இருக்கிறதா என்பதையும் தேடுங்கள். பல ஆவணங்கள் தவறு செய்தவருக்கு என்ன தண்டனை என்று இரண்டு பக்கம் எழுதுகின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. இழந்த சம்பளம், மறுக்கப்பட்ட பதவி உயர்வு, கோப்பிலிருந்து நீக்க வேண்டிய குறிப்பு, மன்னிப்பு, மாற்ற வேண்டிய விதி ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளே நியாயம் கிடைக்கவில்லை என்றால்?

வெளியே போங்கள், ஆனால் தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள். உள் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். ஒன்டாரியோவில் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு ஓர் ஆண்டு. அமெரிக்காவில் சமவாய்ப்பு ஆணையத்துக்கு 180 நாள், சில இடங்களில் 300. இந்தியாவில் தேசிய மனித உரிமை ஆணையம் ஓர் ஆண்டு கடந்த சம்பவத்தை விசாரிக்க முடியாது, அரசு ஊழியர் தொடர்பான மீறல்களே பெரும்பாலும் அதன் வரம்பு. இத்தகைய ஆணையங்கள் அரசிடமிருந்து விலகிச் சுதந்திரமாக இருப்பதற்கான அளவுகோல்களை 1993ல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றது, பாரிஸ் கோட்பாடுகள் என்று பெயர்.

உள்நாட்டு வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகு, குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையோடு இணைந்த விருப்ப நெறிமுறை என்ற கூடுதல் ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்திருந்தால் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் முறையிடலாம். இலங்கை 1997ல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. மதச் சுதந்திரத்துக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் என்ற பொறுப்பு 1986 முதல் இருக்கிறது. அவருக்கு எழுத உள்நாட்டு வழி தீர்ந்திருக்க வேண்டியதில்லை, எந்த நாட்டிலிருந்தும் எழுதலாம். அவர் தீர்ப்பளிக்க மாட்டார், அரசிடம் விளக்கம் கேட்பார்.

இதெல்லாம் சிறுபான்மையினருக்குத் தரும் சலுகை இல்லையா?

மேலே சொன்ன விமான நிறுவன ஊழியர் தன் நாட்டின் மிகப் பெரிய மதத்தைச் சேர்ந்தவர். அவரும் இதே விதியால்தான் வென்றார். பெரும்பான்மையினருக்கு இந்த ஏற்பாடுகள் கண்ணில் படாததற்குக் காரணம், வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சாப்பாட்டு முறையும் ஏற்கெனவே அவர்களை வைத்தே அமைந்திருப்பது. வேறொருவர் அதே வசதியைக் கேட்கும்போது மட்டும் அது சலுகையாகத் தெரிகிறது. நீண்ட காலம் ஒதுக்கப்பட்டவர்களுக்கான தற்காலிகச் சிறப்பு நடவடிக்கைகளைப் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையும் 1979ஆம் ஆண்டு பெண்களுக்கான உடன்படிக்கையும் தெளிவாகவே சொல்கின்றன.

நாங்கள் சிறிய அமைப்பு. பெரிய ஆவணம் எழுத ஆளும் இல்லை, பணமும் இல்லை. எங்கே தொடங்குவது?

இரண்டு பக்கம் போதும். புகார் வாங்க இரண்டு பேரை நியமியுங்கள், முடிந்தால் ஒருவர் அமைப்புக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். அவர்கள் பெயரையும் தொடர்பு எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், ஊழியர்கள் பேசும் எல்லா மொழிகளிலும் ஒட்டுங்கள். எத்தனை நாளில் பதில் என்று எழுதுங்கள். பழிவாங்கல் தடையை ஒரு தனிப் பத்தியாக வையுங்கள். அடுத்த ஆண்டின் கூட்டங்கள், தேர்வுகள், ஷிப்ட் அட்டவணையைப் போடும் முன் எல்லா மதங்களின் முக்கிய நாட்களையும் ஒரு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாமல், எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒரு புகாரும் வரவில்லை என்றால் மகிழ்ந்துவிடாமல், அந்த இரண்டு பேரின் பெயர் ஊழியர்களுக்குத் தெரியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.